சௌக்கியம் என்று ஓர் இழுப்பு

கிணற்றுக்குள் இறங்கியவன் கயிற்றை அசைத்தால் சாகப்போகிறான் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கிழக்குப் பாலக்காட்டில் எங்கள் தோட்டக் கிணறுகள் அப்படி. அடியில் கெட்ட காற்று தங்கும். தூர் வாருகிறவன் கயிற்றைத் தொட்டாலே மேலே நிற்பவன் கேள்வி கேட்காமல் இழுத்துவிடுவான்.

எழுபதுகளில், டவுன் காலேஜில் விலங்கியல் சொல்லித்தந்த வாத்தியார் ஒருவர் லீவு விட்டால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ராமேசுவரம் பக்கம் கடலில் முங்கப் போவார். சுண்ணாம்புக் காளவாய்க்கு வெட்டியது போகப் பவளப்பாறை எவ்வளவு உயிரோடிருக்கிறது, எவ்வளவைப் பாசி மூடிவிட்டது, என்னென்ன மீன் அண்டுகிறது என்று ஒரே இடத்தை வருசா வருசம் பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது, படகில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றார். கடலையே பார்த்திராத நான் கை தூக்கினேன்.

"முதல்ல உம்ம கிணத்துல பார்ப்போம்" என்றார். அதில் தேறினால்தான் படகு.

ஒரு இழுப்பு என்றால் சௌக்கியம். விடாமல் இழுத்தால் மேலே தூக்கவேண்டும் என்று சொல்லிவைத்தார். பலமாகத் தலையாட்டினேன்.

அவர் கண்ணாடி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்து முங்கினார். கயிறு ஒருமுறை அசைந்தது. நான் இழுத்த இழுப்பில் விரால் மீன் மாதிரி வந்து படியில் விழுந்தார்.

"ஓய், சௌக்யமா இருக்கேன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க."

"பின்னே ஏன் தூக்கினீர்?"

"இப்பவும் சௌக்கியந்தானுங்களே?"

மறுபடி முங்கினார். மறுபடி தூக்கினேன். துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏனுங்க, அந்த மனுசனைக் கொஞ்சம் நனைய உடுங்க" என்றாள். அடுத்த தடவை பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கயிறு லேசாக அசைந்தது. கண்ணைத் திறந்தால் வாத்தியார் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். கைகள் என்னைக் கேட்கவே இல்லை.

"கடல்லேயும் இப்படிப் பண்ணினா நான் பாறையை எப்போ பார்க்கறது?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சும்மா கூட வரட்டுங்களா?"

"சமைக்கத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியுமுங்க" என்றேன். மனைவி துணியை ஓங்கி அடித்தாள்.

ஜீப்பில் இடம் கிடைத்தது. கடலைப் பார்த்தேன். படகில் வேறொருவர் கயிறு பிடித்தார். வாத்தியார் நிதானமாகப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். நான் கரையில் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.