குன்னத்தில் டாக்டர் என்றால் யார்?

இணையத்தில் முகவரிப் பெயர்களை யார் ஆள்வது, ஒரே நாடா, எல்லா நாடுகளுமா, கம்பெனிகளா என்று போன வாரம் நண்பர்கள் குழுவில் பெரிய சண்டை. என் மனசு 1987 மாசி மாதத்துக்குப் போய்விட்டது. குன்னத்தில் கிளினிக் திறந்திருந்த என் டாக்டர் அக்காவை மெட்ராசுக்குத் திரும்பக் கூட்டிவரப் போன பயணம் அது. மூன்று மாதமாக கிளினிக் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். "போதும், கூட்டிட்டு வா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் அப்போது திருச்சியில் இருந்தேன். காலை ஆறரைக்குப் பஸ். பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர், ஆறு ரூபாய். டீ குடித்துவிட்டு அரியலூர் பஸ்சில் ஏறினால் குன்னம் இன்னும் பதினேழு கிலோமீட்டர். கரிசல் காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. எது பஞ்சு, எது பனி என்றே தெரியவில்லை. "இதெல்லாம் ஒரு காலத்துல கடலாம் சார். உழுதா கிளிஞ்சல் வருது" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அதற்கப்புறம் பஸ் ஓடின மாதிரியே இல்லை, மிதந்தது. குன்னம் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர்தான் திட்டி இறக்கிவிட்டார்.

அக்கா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. போன் ஏன் அடிக்கவில்லை என்ற ரகசியத்தை எதிர்க்கடைக்காரர் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒரு போன். பிரசவ வலி என்றால் அங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். ஆனால் எவரும் நம்பர் சொல்வதில்லை. இணைப்புப் போட்டுத் தரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் "உரக்கடை போடுங்க", "மண்டி போடுங்க" என்பார்கள். "டாக்டர் போடுங்க" என்றால், ரொம்ப வருஷமாக ஊரில் இருக்கும் பெரிய டாக்டர் வீட்டில் மணி அடிக்கும். அக்கா வீட்டில் பல்லி மட்டும்தான் சத்தம் போடும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் புத்திசாலி என்ற நினைப்பில் அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், காதில் கருவியோடு ஆபரேட்டர் அம்மா.

"பொம்பளைங்க பேசினா எங்க அக்காவுக்குப் போட்டுடுங்க" என்றேன்.

"நானா எப்படிங்க முடிவு பண்றது? இன்னைக்கு நீங்க லட்டோட வந்துட்டீங்க. நாளைக்குப் பெரிய டாக்டரு ஜாங்கிரியோட வந்தா?"

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. "அப்ப இத்தனை நாளா அவருக்கு மட்டும் போட்டது யார் முடிவுங்க?"

அந்த அம்மா காதுக் கருவியைக் கழற்றி வைத்தார். "கேட்டாங்க, போட்டேன். யோசிக்கலைங்க. இனிமே ஐயா டாக்டரா, அம்மா டாக்டரான்னு கேட்டுட்டுப் போடுறேன். கூப்பிடுறவங்க சொல்றதுதான். லட்டை எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மணி அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தாள். "அம்மா டாக்டருங்களா? எம் மருமவளுக்கு வலி வந்துடுச்சுங்க!" அக்கா செருப்பை மாட்டும்போதே சிரித்தாள், அழுதாள். நான் தனியாகப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி அரியலூர் வந்து மத்தியான ரயிலைப் பிடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஒரு ஸ்டேஷன் பெயர்கூட நினைவில்லை.

போகிறவர்களுக்கு: மாசியில் போங்கள், பஸ்சில் ஜன்னலோரம் பிடியுங்கள். கிளிஞ்சலைப் பாருங்கள், எடுக்காதீர்கள்.

பெயர்களை யார் ஆளலாம்? அந்த அம்மா போல ஒருத்தர் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. இரண்டு வருஷத்திலேயே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதை அக்கா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். புதிதாக வந்தவர் எதையும் கேட்கவில்லை, டாக்டர் என்றால் பெரிய டாக்டருக்கே போட்டார். பத்து நாள் போன் அடிக்கவில்லை. பதினோராம் நாள் அக்கா கிளினிக்கைப் பூட்டிவிட்டு, எக்ஸ்சேஞ்ச் ஜன்னலில் போய் நின்று, தானும் டாக்டர்தான் என்று முதலிலிருந்து சொன்னாள்.