வனஜாவின் பஸ் ஆட்டம்

வனஜாவுக்கு மனதில் பட்டதை அடக்கிவைத்துப் பழக்கமில்லை. நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை; அங்குள்ள பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். பட்டென்று பேசுவதைத் தன் பெரிய குணமாகவே நினைத்திருந்தாள், 1997 ஏப்ரல் வரைக்கும்.

அணியில் எட்டுப் பேர். ஓடச் சொன்னால் ஓடுவார்கள். ஷூட்டிங் பிராக்டீஸ் என்றால் மட்டும் ஆளுக்கொரு தலைவலி வந்துவிடும். ஷிப்டு முடிந்த களைப்பில் ஒரே இடத்தில் நின்று நூறு தடவை பந்தெறிய யாருக்குத்தான் பிடிக்கும்? ஜனவரியில் மைதானத்துக்குப் புதிதாக சிமென்ட் போட்டு முடித்ததும் வனஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. வளையத்துக்கு முன்னால் ஐந்து இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், ரிச்மண்ட் டவுன், பிரிகேட் ரோடு, சிவாஜிநகர் என்று எழுதினாள். பஸ்ஸுக்கு நாலு பேராக இரண்டு பஸ். பந்து விழுந்தால் "ரைட் ரைட்!" என்று அடுத்த ஸ்டாப்புக்குப் போகலாம். இரண்டு தடவை தவறினால் மறுபடி நீலசந்திராவிலிருந்து ஏற வேண்டும். தோற்ற பஸ்காரர்கள் ஜெயித்தவர்களின் பைகளை கேட் வரைக்கும் சுமக்க வேண்டும்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஐந்தரைக்கே வீட்டுக்கு ஓடுகிறவர்கள் ஆறரை ஆகியும் நகராமல் தொண்டை கிழியக் கத்தினார்கள். பத்துக்கு நாலு போட்டவர்கள் எட்டுப் போட்டார்கள். பேக்கிங் பிரிவில் தற்காலிக வேலையிலிருந்த பாஞ்சாலியோ ஒன்பதுக்குக் குறைவதே இல்லை. இருபத்திரண்டு வயது, அவள் கொண்டுபோகும் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. "ஃபைனல்ல நன்னா ஆடட்டும், பர்மனென்ட் லிஸ்ட்ல பேரைச் சேர்த்துடறேன்" என்று ஸ்போர்ட்ஸ் ஆபீசர் கஸ்தூரிரங்கன் சொல்லியிருந்தார்.

கம்பெனிகளுக்கிடையேயான போட்டியில் அதுவரைக்கும் எல்லா ஆட்டமும் சொந்த மைதானத்தில்தான்; மார்ச்சில் ஃபைனல் மட்டும் வேறொரு கம்பெனி மைதானத்தில் நடந்தது. பாஞ்சாலியின் முதல் பந்து வளையத்தின் முன்பக்கம் டங்கென்று இடித்துத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பத்து ஃப்ரீ த்ரோவில் எட்டு தவறிப்போயிற்று. வனஜா எறிந்ததும் உள்ளே போகவில்லை, யார் எறிந்ததும் போகவில்லை. என்ன கண்றாவி இது, யாராவது சூனியம் வைத்துவிட்டார்களா? எதிரணி எடுத்த பாயின்டில் பாதிகூட எடுக்காமல் தோற்றார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கஸ்தூரிரங்கன். அவருக்கே முகம் வெளுத்திருந்தது.

அவமானத்தில் வனஜா வாயில் வந்ததைச் சொன்னாள். "பயம் சார். பாஞ்சாலிக்குப் பயத்துல கை நடுங்கிப்போச்சு. அவளப் பாத்து மத்தவங்களும் விட்டுட்டாங்க."

பாஞ்சாலி பக்கத்திலேயே நின்றிருந்தாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பத்து நாளில் லிஸ்ட் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. மாதக் கடைசியோடு தற்காலிக வேலையும் முடிந்து போய்விட்டாள்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், மனசு கேட்காமல் வனஜா தனியாக மைதானத்துக்குப் போனாள். பத்துப் பந்து எறிந்தாள். ஒன்பது விழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கை, அதே பந்து. அங்கே மட்டும் ஏன் போகவில்லை? கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். அடியில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளையும் காணோம். எல்லாம் சிமென்ட்டுக்குள் போயிருந்தன. மெயின்டனன்ஸ் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு ஏணி போட்டு அளக்கச் சொன்னாள்.

"ஒம்பதடி எட்டு இஞ்ச்" என்றார் அவர் மேலேயிருந்து.

"சரியாப் பாருங்கண்ணா. பத்தடி இருக்கணும்."

"நாலு இஞ்ச் சிமென்ட் போட்டோமில்ல? கம்பத்தைத் தூக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே, வனஜாம்மா!"

பஸ் ஆட்டமாவது மண்ணாங்கட்டியாவது! மூன்று மாதமாகக் குள்ளமான வளையத்தில் போட்டுவிட்டு, தன் சாமர்த்தியம் என்றல்லவா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்!

அப்படியே கஸ்தூரிரங்கனிடம் ஓடினாள். அவரும் வந்து டேப்பைப் பிடித்துப் பார்த்தார். "ஐயோ, நானும் பாக்கலியேம்மா" என்றார். "இந்த வருஷ லிஸ்ட் கையெழுத்தாயிடுத்து. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லையே."

ஞாயிற்றுக்கிழமை காலை பாஞ்சாலி வீட்டு வாசலில் நின்று வனஜா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். வேலை போனதற்குத் திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள்.

பாஞ்சாலி திட்டவில்லை. "அப்போ நான் பயப்படலையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடி. நாந்தான் என்ன ஏதுன்னு பாக்காம சொல்லிட்டேன்."

"அன்னிக்கு எனக்குப் பயமாவே தெரியலக்கா. ஆனா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். முந்தாநாள் கார்மென்ட்ஸ்ல வேலைக்குத் தையல் மெஷின் டெஸ்டுக்குக் கூப்பிட்டாங்க. எப்படியும் கை நடுங்கும்னு நான் போகவே இல்ல."