ஜும்ஆ நேரத்து ஸ்கேன்

குளிரறைக் கொம்பிரசர் நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. நின்றதற்கு ஏது சத்தம் என்று சிரிப்பீர்கள். காலையிலிருந்து காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது சட்டென்று ஓய்ந்தால் நெஞ்சு திக்கென்றுதான் ஆகும்.

இடம் ஒருகொடவத்தையில் ஒரு மருந்துக் களஞ்சியம். பார்மசிகளுக்குப் போகிற இன்சுலின் அந்த அறையில்தான் இருந்தது. எட்டு டிகிரியைத் தாண்டினால் அவ்வளவும் குப்பைக்கு. நான் போனது நெட்வேர்க் பாதுகாப்பைச் சோதிக்க. எந்த மெஷினில் எந்த போர்ட் திறந்து கிடக்கிறது என்று பார்க்கிற ஸ்கேனர்தான் என் கருவி. பொல்லாத வேகம் அதற்கு. விட்டால் ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான கதவுகளைத் தட்டும்.

நேரம் குறித்தவர் அங்குள்ள ஐடி மனேஜர் பைரூஸ். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், பில் அடிக்க ஆளில்லை, நெட்வேர்க் சும்மா கிடக்கும், முழு வேகத்தில் ஓட்டலாம் என்றார். பழைய மெஷின்கள் தாங்காது, மெதுவாகத் தொடங்குவோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒண்டும் ஆகாது மிஸ். நாங்க வரக்குள்ள முடிச்சிருங்க," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அனுமதி தருகிறவர் அவர். ஓட்டினேன்.

மனிதர்கள் தொழப் போவார்கள், குளிரறைக் கொம்பிரசரை ஓட்டுகிற கன்ட்ரோலர் போகுமா? அதுவும் அதே நெட்வேர்க்கில்தான் இருந்தது. என் ஸ்கேனர் தட்டிய தட்டல் தாங்காமல் இறுகி, வேலை செய்யாமல் நின்றுவிட்டது. ஸ்கேனை நிறுத்தியும் பயனில்லை. கதவுக்கு மேலிருந்த அதன் திரையும் இறுகி, பழைய நாலு டிகிரியையே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தொங்கிய சாதாரணத் தேர்மோமீட்டரோ ஐந்தைத் தாண்டியிருந்தது.

கன்ட்ரோலரின் பவரை நிறுத்தித் திரும்பப் போடவேண்டும். பெட்டிக்குப் பூட்டு. திறப்பு பைரூஸிடம், அவருடைய போன் ஓஃப். காவலுக்கு நின்றவரை அய்யே, அண்ணா என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டேன், வேறு திறப்பு இல்லை என்று கையை விரித்தார்.

அடுத்த தெருவிலிருந்த பள்ளிவாசலுக்கு ஓடினேன். உள்ளே குத்பா பிரசங்கம் நடக்கிறது, ஒருவரும் அசையவில்லை. கொட்டாஞ்சேனை வேதக்காரி நான், சேர்ச்சுக்குப் போகிறவள், வாசலில் நின்று பேர் சொல்லிக் கத்த முடியுமா? செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், களஞ்சியத்துப் பைரூஸைக் கூப்பிடுங்கள், மருந்து பழுதாகப் போகிறது என்று கையெடுத்துக் கெஞ்சினேன். அவர் எழுந்து போய், வரிசை வரிசையாக முகம் பார்த்து, ஒருவரின் தோளைத் தொட்டார்.

பைரூஸ் வெறுங்காலோடு ஓடிவந்தார். பெட்டியைத் திறந்து பவரை நிறுத்தித் திரும்பப் போட்டதும் கொம்பிரசர் இரையத் தொடங்கியது. தேர்மோமீட்டர் ஏழில் நின்று, பிறகு இறங்கியது. நான் அழுதே விட்டேன்.

பின்னேரம் என் பொஸ் போனில் வந்தார். மருந்து தப்பிவிட்டதுதானே, ரிப்போர்ட்டில் போட்டால் அந்த மனுசனின் வேலை போய்விடும், விட்டுவிடு என்றார். எனக்கும் மனம் இளகியது. பக்கத்தில் நின்ற பைரூஸுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"எழுதுங்க மிஸ். நேரம் செல்லித் தந்தது நான்தான் எண்டும் எழுதுங்க. நாளைக்கு ஒரு கள்ளன் தட்டினாலும் இந்தக் கொம்பிரசர் நிண்டு போகும்தானே?"

எழுதினேன். கன்ட்ரோலரைத் தனி நெட்வேர்க்குக்கு மாற்றினார்கள். பைரூஸை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, ஆட்கள் எழுந்து போன பிறகும் அங்கே எது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வேகம் கேட்கிறவர்கள் கெட்டவர்களாக இருந்தால் மறுப்பது லேசு. நல்ல மனுசன் கேட்டாலும் மறுக்கப் பழகுங்கள்.