பயறுச் சட்டியும் நாலாம் வகுப்பும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராக இருந்த காலத்தில், பிள்ளைகளைச் சிலேட்டில் எழுதச் சொல்லிவிட்டு நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். "வாத்தியாரய்யாவுக்குக் கால்ல சக்கரம்" என்று பிள்ளைகள் கேலி பேசுவது காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

அந்த வருஷம் என்னை இன்னும் அதிகமாக நடக்கவைத்தது தோட்டத்தை நடத்திய துரையின் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தவர் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். "இது எல்லாம் வயசு ஆச்சு. திருவிழா முடிஞ்சு பேர் பதி" என்று கூட வந்த கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோட்டக் கூலியாகப் பேர் பதிந்துவிட்டால் படிப்பு அத்தோடு சரி. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலையேற வேண்டியதுதான். மூன்று பையன்களுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. நாலாவது ஒரு பெண். பாடத்தில் பாதியிலேயே எழுந்து நின்று எதையாவது கேட்டு என்னைத் திணறடிப்பாள். அவளை மட்டும் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டால் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

துரையிடம் நேரே போய்க் கேட்டால் எடுபடாது. பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தை அவரே கண்ணால் பார்க்கட்டும், அப்புறம் கேட்போம் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் அந்தப் போட்டி பிறந்தது. அக்கம்பக்கத்து மூன்று தோட்டப் பள்ளிக்கூடங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நாலு பிள்ளைகள் கொண்ட ஒரு குழு. இயற்கையில் எதையாவது தாங்களே செய்து பார்த்து, பார்த்ததைச் சபையில் விளக்க வேண்டும். நடுவராகப் பதுளையிலிருந்து ஒரு தலைமை ஆசிரியர் வர ஒப்புக்கொண்டார். பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளி, பரிசாகப் புதுச் சிலேட்டுகள் தருகிறேன் என்றார். பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் மட்டும், "ஏன்யா உமக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டார். அவரைச் சரிக்கட்டவே எனக்கு இரண்டு நடை பிடித்தது.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். இரண்டு மண்சட்டிகளில் தட்டைப்பயறு போட்டோம். ஒன்று பள்ளிக்கூட ஜன்னலில், இன்னொன்று மூடிய பெட்டிக்குள். வெளிச்சத்தில் இருப்பது பச்சையாகக் குட்டையாக வளரும். இருட்டில் இருப்பது மஞ்சளாக நெடுநெடுவென்று ஓங்கும். இலைக்குப் பச்சை கொடுப்பது வெயில் என்பதைக் காட்ட இதைவிட லேசான வழி இல்லை. ஜன்னல் சட்டியில் முதல் இலைகள் பச்சையாக விரிந்த சமயம், மாரியம்மன் திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பையன்கள் மூவரிடமும் விட்டுவிட்டு நான் மற்றத் தோட்டங்களுக்கு அலைந்துகொண்டிருந்தேன். பையன்கள் திருவிழாவின் தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள்.

போட்டிக்கு முதல் நாள் நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் வழியிலேயே ஓடிவந்தாள்.

"வாத்தியாரய்யா, ஜன்னல் சட்டியைக் காணலங்க!"

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாகத் தேடினோம். கடைசியில் கோயிலை ஒட்டிய அறையில் கிடைத்தது. பெண்கள் முளைப்பாரி வளர்க்கும் அறை அது. வெளிச்சம் புகாதபடி சாக்கு கட்டி, தினமும் தண்ணீர் தெளித்து, சுற்றி வந்து கும்மி கொட்டுவார்கள். பாரி மஞ்சளாக உயர்ந்தால் அந்த வருஷம் மழை தண்ணிக்குக் குறைவில்லை என்று நம்பிக்கை. அந்த வரிசையில், மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு எங்கள் சட்டியும் உட்கார்ந்திருந்தது.

தூக்கி வந்தது அந்தப் பெண்ணின் தாய்தான். "வெளிச்சம் பட்டுக் குட்டையாக் கெடந்துச்சுங்க. யாரோ பாரிய இப்படிப் போட்டுட்டாங்களே, அம்மாளுக்கு ஆகாதேன்னு பதறிப்போய் நான்தான் உள்ள கொண்டாந்து வச்சேன். இப்பப் பாருங்க வாத்தியாரய்யா, எப்படி ஓங்கியிருக்குன்னு!" என்றாள் பெருமையாக.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். விடிந்தால் போட்டி. இரண்டு சட்டியும் மஞ்சள் என்றால் எதைக் காட்டுவது, எதை விளக்குவது? போதாக்குறைக்கு அறையில் இருந்த கிழவி ஒருத்தி, "அம்மாளுக்கு வச்சத ஊர்வலத்துக்கு முன்ன வெளிய எடுக்கறதாவது!" என்று சத்தம் போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது எக்குத்தப்பாகப் பேசியிருப்பேன். நல்ல வேளையாக என் மாணவி முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு பொழுதுதான் பாட்டி. ஊர்வலத்துக்குள்ள நானே திருப்பிக் கொண்டாந்து வச்சுடுறேன்."

தாய் சட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு துணியால் மூடி மகளின் கையில் கொடுத்தாள். வெளியே வந்ததும் நான் வேறு யார் வீட்டுக் கொல்லையிலாவது பச்சையாக வளர்ந்த பயறுச் செடி கிடைக்குமா என்று தேடப் புறப்பட்டேன். அவள் துணியை விலக்கிச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கெட்டுப்போகலைங்க" என்றாள். எனக்கு அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிதானம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் கூடியது. துரை நாயோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் குழு காற்றைப் பற்றிய பாடத்தை ராகம் போட்டு ஒப்பித்தது. நடுவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டதும் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டாவது குழு தகரத்தில் காற்றாடி செய்து காற்று வீசும் திசையைக் காட்ட வந்திருந்தது. மடுவத்துக்குள் காற்று இல்லை. பிள்ளைகளே கன்னம் புடைக்க ஊதினார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் வாசலுக்கும் தூணுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. பையன்கள் மூவரும் சட்டிகளை வைத்துவிட்டுத் தங்கள் பங்கைச் சொல்லி முடித்தார்கள். பெண் முன்னால் வந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "இந்தச் சட்டி மொதல்ல ஜன்னல்ல இருந்துச்சுங்க. எங்க ஆத்தா பாரின்னு நெனச்சு இருட்டுல கொண்டுபோய் வச்சுட்டாங்க." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் நிற்கவில்லை. "கீழ இருக்க எல இன்னும் பச்சையா இருக்கு, அது வெளிச்சத்துல வந்தது. அதுக்கு மேல வந்ததெல்லாம் மஞ்சளு, அது இருட்டுல வந்தது. வெத ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். வெளிச்சம் மட்டுந்தான் இல்லாமப் போச்சு."

நடுவர் எழுந்து வந்து சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரண்டு சட்டியை மட்டும் காட்டியிருந்தால் மண் வேறு, விதை வேறு என்று நான் உங்களை மடக்கியிருப்பேன். ஒரே செடியில் இரண்டையும் காட்டிவிட்டாய், அம்மா" என்றார். பரிசு எங்களுக்குத்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்க வேண்டியதை மனதில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நேரே துரையிடம் போனேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். "வாத்தியார், இந்தப் பொண்ணு ரொம்ப கெட்டிக்காரி. செடி நல்லா தெரியுது. இதை மலைக்கு அனுப்பவேணாம். நாத்து மேடைக்குப் பேர் போடு."

"துரை, இன்னும் ஒரு வருஷம் படிச்சா..." என்று இழுத்தேன்.

அவர் என் தோளில் தட்டினார். "போதும், போதும். நீ நல்லா படிச்சுக் குடுத்தே." கணக்கப்பிள்ளை அங்கேயே தேயிலை நாற்றுப் பந்தல் வேலைக்கு அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் புதுச் சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் காட்ட அங்கே இடம் இல்லை.

மறுநாள் ஊர்வலம் முடிந்து பாரியை ஆற்றில் விட்ட பிறகு, அவளுடைய தாய் பிரசாதத் தட்டோடு என்னைத் தேடி வந்தாள். குனிந்து காலைத் தொடப் போனாள். நான் பதறி விலகினேன்.

"உங்க புண்ணியம் வாத்தியாரய்யா. எம்புள்ள கூடையத் தூக்கிட்டு மலையேற வேணாம், அட்டைக் கடி வாங்க வேணாம், பந்தலுக்கடியில உக்காந்து வேல செய்யப் போறா. எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி அமைஞ்சதில்லைங்க. சின்னவன் இப்ப ரெண்டாம் வகுப்புல இருக்கான். அவன் நாலாம் வகுப்புக்கு வர்றப்பவும் இந்தப் போட்டிய வச்சுடுங்க, சாமி."

வைக்கிறேன் என்றுதான் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு வேறொன்றும் வாயில் வரவில்லை.