அப்பா ஏற்றிய கொடி

சேலையூரில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்ட் பதினைந்தன்று குடியிருப்பவர்களிலேயே வயதில் மூத்தவர்தான் கொடி ஏற்றவேண்டும். வருஷம் முழுக்க வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசாமிகள் அன்றைக்கு மட்டும் கூட்டிச் சொல்வார்கள். அப்பா அந்தப் போட்டிக்கே போனதில்லை. கூப்பிட்டாலும் முட்டி வலி என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

முட்டி வலியெல்லாம் சும்மா. அப்பா பிறந்தது ரங்கூனில். வெள்ளைக்காரன் பர்மாவை விட்டுப் போனபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். விடிவதற்கு முன்பே எழுப்பி வரிசையில் நிறுத்தினார்களாம். பழைய கொடி இறங்கிப் புதுக்கொடி ஏற, புது தேசிய கீதத்தைத் தொண்டை கிழியப் பாடியிருக்கிறார்.

"நம்ம நாடு, நம்ம சர்க்கார்னு குதிச்சோம்" என்பார்.

மீசை முளைத்துக் கடையில் உட்கார்ந்த பிறகு, அதே நாட்டில் பின்னால் வந்த பட்டாளத்து சர்க்கார் கடையைப் பிடுங்கிக்கொண்டது. நீங்கள் வெளியாட்கள் என்று சொல்லிக் குடும்பத்தோடு கப்பல் ஏற்றிவிட்டது.

"ஒரு கொடிக்கு நின்னது போதும்மா. இன்னொண்ணுக்கு நிக்கத் தெம்பு இல்ல."

எனக்கு ஆத்திரமாக வரும். ஆயுளில் பெரும்பாதி இங்கேதான் கழித்தார், ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டார். சொந்த வீட்டிலேயே இன்னும் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில்தான் உட்காருவார். கண்ணை மூடுவதற்குள் ஒரு தரமாவது இது தன் ஊர் என்று அவர் நிமிர்ந்து நிற்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. எப்போதோ செத்துப்போன தன் அக்கா என்று நினைத்து என்னையே அக்கா என்கிறார். போன ஆகஸ்டில் ஃபிளாட் செக்ரட்டரி வந்தார்.

"மேடம், இந்த வருஷம் அப்பாதான் சீனியர். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அப்பா மறுக்கவில்லை. வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா கயிற்றை இழுத்தார். செக்ரட்டரி போட்ட முடிச்சு வழக்கம்போல் சண்டித்தனம் பண்ணிவிட்டு அவிழ, பூ கொட்டியது. எல்லோரும் கைதட்டிவிட்டு தேசிய கீதம் பாட ஆரம்பித்தோம். அப்பாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினார், பர்மாக்காரர்களின் தேசிய கீதத்தை.

பக்கத்தில் நின்றவர்கள் முதலில் நிறுத்தினார்கள், பிறகு எல்லோரும். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கிற்று. பெற்ற மகள் பெயரை மறந்தவர், அந்தப் பாட்டில் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

பாடி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, சரியாப் பாடிட்டேன்ல? இனிமே நம்மள அனுப்பமாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கடா தம்பி" என்றேன். அப்பாவைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டு அன்றைக்கு அழ ஆரம்பித்தவள், இதை எழுதும்போதும் அழுகிறேன்.