சித்தி ஏறிய சரிவு

அந்த இடத்தின் பெயரை நான் இப்போதும் எழுதப் போவதில்லை. ஒஸ்லோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணித்தியாலம், பிறகு காட்டுக்குள் ஏறினால் மரமில்லாத ஒரு வெளிச்சரிவு. இவ்வளவு போதும். ஒருமுறை வாயைத் திறந்து பட்டது எனக்குக் காணும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒஸ்லோவில், ரொம்மனில், ஒரே தொடர்மாடியில் நாங்கள் இரண்டாம் மாடியிலும் சித்தப்பாவும் சித்தியும் ஐந்தாம் மாடியிலும் இருந்தோம். சித்தப்பா பதினாறு வயதில் அகதியாக வந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், பனியில் சறுக்கும் ஸ்கீ பழகியவர். சித்தி கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. இரவு புதுப் பனி விழுந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை விடியவே சித்தப்பா ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சித்தி கீழே இறங்கி வந்து எங்கள் குசினியில் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ஸ்கீ ஓடுவதில் சித்திக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. எங்கே ஓடுகிறார் என்பதுதான் வில்லங்கமாகப் போனது. சித்தப்பா ரொம்சோஸில் இருந்த தன் நண்பருக்கு ஓர் இடம் சொல்லியிருந்தார், அப்பாவுக்கு வேறோர் இடம், கோயிலில் கேட்டவருக்கு மூன்றாவது இடம். மூன்று பேரும் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரே மேசையில் இருந்து கதைத்ததில் பூனை வெளியே வந்துவிட்டது. சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்ற சித்தியின் காதிலும் விழுந்தது.

"சும்மா சறுக்கப் போற மனுசன் ஆளுக்கொரு பொய் சொல்லுவாரோ, அக்கா?" என்று சித்தி அம்மாவிடம் கேட்டார். "எலி ஏன் அம்மணமா ஓடுது எண்டு பாக்க வேணும்."

மிதிபடாத பனியைத் தேடிப் போகிறவர்கள் நல்ல இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள் என்பதும், சொன்னால் அடுத்த கிழமை நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்பதும் அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஸ்கீ பழகியிருந்த என்னைச் சித்தி வேவுக்குத் தேர்ந்தெடுத்தார். கூலி, ஆறு மட்டன் ரோல்ஸ். பிள்ளை ஆசைப்படுகிறாள், கூட்டிக்கொண்டு போங்கோ என்று சித்தப்பாவிடம் கெஞ்சியதும் அவர்தான்.

வழியெல்லாம் நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன். காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. அதைக் கண்டதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

"வந்திட்டா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த இடத்தை ஒருத்தருக்கும் சொல்லப்படாது, சரியோ?"

நான் தலையை ஆட்டினேன்.

பனியில் ஏற்கனவே ஒரு ஸ்கீத் தடம் மேலே போயிருந்தது. நாங்கள் அந்தத் தடத்திலேயே ஏறினோம். உச்சியில் நீல அங்கியோடு ஒரு நோர்வேஜியப் பெண் நின்றார். தொப்பி, பெரிய பனிக்கண்ணாடி, மூக்கு வரை சால்வை. முகம் என்று ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா போத்தலைத் திறந்து, சித்தி போட்டுக் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைச் சித்தப்பாவுக்கு நீட்டினார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய களவாகப் பட்டது.

பிறகு சித்தப்பா சரிவைக் காட்டி, வழி போட்டது நீங்கள், முதலில் நீங்கள்தான் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். அந்தப் பெண் இறங்கினார். அவர் கீழே மர ஓரத்தை அடைந்து ஸ்கீத்தடியை உயர்த்தும் வரைக்கும் சித்தப்பா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தானும் தடியை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் இறங்கினார். அதுவும் முழுச் சரிவையும் உழுதுகொண்டு போகாமல், அந்தப் பெண்ணின் தடத்துக்கு ஒரு முழம் தள்ளி, அதை ஒட்டியபடியே போனார். பின்னால் வருகிறவர்களுக்கும் பனி மிஞ்சட்டும் என்று செய்வது அது. வீட்டில் கடைசி அப்பளத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், ஸ்ட்ரோம்மன் கடைகளில் சித்தியைப் பத்தடி பின்னால் விட்டு நடக்கிற மனிதர். நான் பார்த்ததை எல்லாம் மனதில் எழுதிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் குசினியில் விசாரணை நடந்தது.

"என்ன வயசிருக்கும்?"

"முகம் தெரியேல்லை, சித்தி."

"நான் போட்டுக் குடுத்த தேத்தண்ணியையோ குடுத்தவர்?"

"ஓம். அவா போய்ச் சேருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு பக்கத்திலயே ஒட்டி ஒட்டிப் போனவர்."

சித்தி ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். உரித்து முடித்த வெங்காயத்தையே திரும்ப உரிக்கத் தொடங்கினார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அடுத்த சனி இரவும் பனி கொட்டியது. ஞாயிறு காலை சித்தப்பா புறப்பட்டுப் போன அரை மணித்தியாலத்தில் அப்பாவின் காரில் நாங்களும் புறப்பட்டோம். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். வழி காட்டியது நான். இரண்டு கார்களும் அங்கே நின்றன. அப்பா தனக்கு முழங்கால் ஏலாது என்று காரிலேயே இருந்துகொண்டார். அம்மா காட்டு எல்லை வரை வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சித்தியும் நானும் வெளிக்கு வந்தபோது சரிவு முழுவதும் அரித்துக் கொட்டிய அரிசிமாபோல ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. உச்சியில் இரண்டு பேரும் இறங்க ஆயத்தமாக நின்றார்கள். அவர்கள் ஏறியது ஓரத்து மரங்களுக்குள்ளால் போகிற சுற்றுவழி. சித்தி அதைத் தேடவில்லை. நட்டநடுவால் ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்கு மேலே புதைந்தது. அவர் காலை இழுத்து எடுத்த குழிகளில் நான் கால் வைத்துப் போனேன்.

சரிவில் ஆள் நிற்கும்போது மேலே நிற்கிறவர்கள் இறங்கக் கூடாது. பனி சரிந்தால் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். அதனால் அந்த இரண்டு பேரும் அரை மணித்தியாலம் அசையாமல் நின்றார்கள்.

"பார், ரெண்டும் முழிச்சுக்கொண்டு நிக்கிற நிலையை," என்று சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நானும் நம்பினேன்.

உச்சியை அடைந்ததும் சித்தி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்தார். பஞ்சாய் நரைத்த தலை. எழுபதுக்குக் குறையாது. நாசமாய்ப் போன சரிவைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சிரித்தபடி ஓரமாக விலகி, சித்தி ஏறி வந்த குழிகளையும் சரிவையும் கையால் காட்டி, வழி போட்டது நீங்கள், முதலில் நீங்கள்தான் என்றார்.

சித்திக்கு அந்த மொழி விளங்கும், ஏறுவழி போட்டவருக்கே முதல் இறக்கம் என்கிற அந்த மரியாதை விளங்காது. போய்விடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சித்தப்பா, "நில்லும், நான் சொல்லுறன்," என்று தொடங்கினார். சித்தி திரும்பி இறங்கிவிட்டார். ஒருதரமும் பின்னால் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். நாங்கள் கீழே மர ஓரத்துக்கு வந்தபோது சித்தப்பா உச்சியில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்கீத்தடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நாங்கள் காட்டுக்குள் நுழையும் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

காரின் பின் ஆசனத்தில் சித்தி அழுதார். அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கிழவிதானேயடி, பிறகேன் அழுறாய்?"

"கிழவியெண்டால் என்னக்கா? அந்த மனுசி போய்ச் சேருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவராம். எனக்கு ஒருநாள் அப்பிடி நிண்டவரோ?"

அதற்குப் பிறகு சித்தப்பா அங்கே போகவில்லை. ஸ்கீ அடித்தளத்துச் சாமான் அறையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஐந்தாம் மாடியில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார், சித்தி எங்கள் குசினியில் இருந்தார். தூக்கிய தடிக்கு அர்த்தம், பத்திரமாகச் சேர்ந்துவிட்டாயா, கையைக் காட்டு என்பதுதான் என்று எனக்கு இருபது வயதில், இன்னொரு மலையில், எனக்காக ஒருவர் அப்படி நின்றபோதுதான் தெரிந்தது.

அன்றைக்குக் காரில் நான் சித்தியின் பக்கத்தில்தான் இருந்தேன். தேத்தண்ணி, தோடம்பழம், ஒட்டிப் போன இரண்டு தடங்கள் என்று கண்டதெல்லாம் சொன்னவள் நான். சித்தப்பா அடிக்கத்தான் தடியை ஓங்குகிறார், சொன்னால் சித்தி இன்னும் அழுவார் என்று நினைத்து, அதை மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.