புரோப் ஒட்டாத வயிறு

குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிபியுவில் இருபத்திரண்டு வருடம் தாதியாக இருந்தேன். ஆட்களை இலேசில் நம்பமாட்டேன். அந்தக் குணத்தால் ஒரு பிள்ளையை இழக்கப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வரும் தங்கைமாருக்காக அதை எழுதுகிறேன்.

1. பை

ஒரு காலை குச்சவெளிப் பக்கமிருந்து அம்புலன்ஸ் வந்தது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்றாம் கிழமையில் பிறந்த பெண் பிள்ளை. ஒரு கிலோ அறுநூறு கிராம். அக்குளில் தேர்மாமீட்டர் வைத்தால் 34.2; 36.5 ஆவது இருக்க வேண்டும். குளிர்ந்த பிள்ளைக்கு மூச்சு தடுமாறும், சுகர் விழும். கவனிக்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும்.

தாய் பர்வீனோடு வந்தவள் அவளுடைய மதினி நஸீரா, புருசனின் அக்கா. கையில் வீங்கிய துணிப்பை. பார்த்ததுமே எனக்கு மனம் ஒப்பவில்லை. திறக்கச் சொன்னேன். உள்ளே சாரத்தில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்.

"இதைப் பிள்ளைக்குப் பக்கத்திலயா வச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம் மிஸ். குளிருமெண்டு…"

"தோல் வெந்து போனா ஆர் பொறுப்பு? உங்களையெல்லாம் அம்புலன்சில ஏத்தினதே பிழை!"

வாட் முழுக்கக் கேட்கக் கத்தினேன். நஸீரா பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நல்ல வேளையாகப் பிள்ளையின் தோலில் சூட்டுக் காயம் இல்லை. போத்தலைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இந்த மனுசி இன்னும் எதையோ ஒளிக்கிறாள் என்று மட்டும் பட்டது.

2. திரை

பிள்ளையைத் துடைத்து, தொப்பி போட்டு, மேலிருந்து சூடு தரும் வோமர் மெசினில் கிடத்தி, வயிற்றில் சூடு அளக்கும் புரோப்பை ஒட்டினேன். புரோப் காட்டும் சூட்டைப் பார்த்துத்தான் மெசின் மேலிருந்து வெப்பத்தைக் கூட்டும், குறைக்கும். குளிர்ந்த பிள்ளையை ஒரேயடியாகச் சூடாக்கக் கூடாது. ஆறுதலாக ஏற்ற வேண்டும். சுகர் பரவாயில்லை. அரை மணியில் அக்குளில் 34.9.

அடுத்த அரை மணியில் மெசின் திரை 36.6 காட்டியது. இவ்வளவு கெதியாகவா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அக்குளிலும் திரும்ப வைத்துப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நஸீரா அந்தப் பையைத் திறக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால் கொண்டுவந்த பர்வீன் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டாள்.

"மிஸ், கால் சில்லெண்டு கிடக்கு."

"அதில 36.6 எண்டு காட்டுது. மதினி சொல்லித் தந்தவவோ? போத்தல் திரும்பக் கிடைக்காது."

அவள் அழுதுவிட்டாள். "எனக்குப் போத்தல் வேணாம் மிஸ். நீங்க ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

அவள் சொல்வது பொய் என்று காட்டத்தான் தொட்டேன். பாதம் ஐஸ். அக்குளில் 34.3. வயிற்றுப் புறத்தைப் பார்த்தேன். புரோப் கழன்று, துணி மடிப்புக்குப் பின்னால் மெத்தையில் கிடந்தது. மெத்தையின் சூட்டையே பிள்ளையின் சூடாக எடுத்துக்கொண்டு மெசின் வெப்பத்தைக் குறைத்திருந்தது. வயிற்றைப் பஞ்சால் துடைத்து முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். அதில்தான் புரோப் ஒட்டாமல் வழுக்கியிருக்கிறது.

முதலில் துடைத்தபோதே வயிற்றில் ஒரு மினுக்கத்தைக் கண்டிருந்தேன். ஈரம் என்று விட்டுவிட்டேன்.

3. நஸீரா சொன்னது

டொக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எண்ணெயை நன்றாகத் துடைத்துப் புதுப் புரோப் ஒட்டினோம். இந்த முறை கால்மணிக்கு ஒருக்கா அக்குளிலும் பார்த்தேன். 34.8, 35.3 என்று ஏறத் தொடங்கிய பிறகுதான் வெளியே நஸீராவிடம் போனேன்.

"எண்ணெய் பூசினீங்களா?"

"ஓம் மிஸ். அம்புலன்சில காத்து அடிச்சிது. உடம்பு குளிராமக் கொஞ்சம் பூசினனான்."

"ஏன் சொல்லேல்ல?"

"போத்தலுக்கே அப்பிடிக் கத்தினீங்க. இதையும் சொன்னா எங்களைத் திருப்பி அனுப்பிடுவீங்களெண்டு பயந்திட்டன்."

ஒளித்தாள் என்று நான் நினைத்தது சரிதான். ஆனால் ஒளிக்க வைத்தது நான். வெட்கமாக இருந்தது.

பின்னேரம் பிள்ளைக்கு 36.5. மூச்சும் சீராக இருந்தது. தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடத்தலாம் என்று டொக்டர் சொன்னார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பர்வீன் கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் தொடலாமா மிஸ்?"

பிள்ளையைக் காப்பாற்றிய கை அது. தங்கைமாரே, பிள்ளைக்குக் குளிருது என்று ஒரு தாய் சொன்னால் உடனே தேர்மாமீட்டரை எடுங்கள். அவளை இப்படிக் கேட்க வைத்துவிடாதீர்கள்.